அம்மாவின் கேக்குக்கு என்ன விலை போடலாம்?

"வீட்ல செய்யற கேக்தானே... இதுக்குப் போய் 350 ரூபாயா?"

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கள் பக்கத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது எதிர்கொண்டிருக்கிறார்கள். என் அம்மாவும்தான்.

நான் டிஜிட்டல் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் 'ஈஸி கேக் ரெசிப்பி' என்று தேடி வருபவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும். செய்முறை எழுதுகிறோம், வீடியோ போடுகிறோம். ஆனால் செய்த கேக்கை யாராவது காசு கொடுத்துக் கேட்டால் என்ன விலை சொல்வது என்பதை அபூர்வமாகத்தான் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டது அம்மா. அதை உங்களிடமும் சொல்லலாம் என்று தோன்றியது.

காலர் தைத்த கை

அம்மா 11 வருடங்கள் தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் வளாகத்துக்குள் இருந்த ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தையல் வேலை பார்த்தவர். 1984-ல் ஆரம்பித்த அந்த ஏற்றுமதி வளாகத்தை நம்பி வளர்ந்த குடும்பங்கள் எங்கள் தெருவில் நிறைய. அம்மாவுக்குச் சட்டைக் காலர்தான் வேலை. நாள் முழுக்கக் குனிந்து தைத்ததில் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. 2022-ல் வேலையை விட்டார்.

வலி குறைந்தது. ஆனால் மாதம் பிறந்தால் கையில் வரும் சம்பளமும் நின்றுபோனது. அப்பா கேட்டதைக் கொடுப்பவர்தான். இருந்தாலும் ஒருநாள் அம்மா சொன்னார்: "கேட்டு வாங்கற காசுக்கும், நம்ம எடுத்துச் செலவு பண்ற காசுக்கும் வித்தியாசம் இருக்குடி."

2020 ஊரடங்கில் நான் குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு கேக் செய்து பார்த்தேன். அப்புறம் ஒரு 28 லிட்டர் ஓ.டி.ஜி அடுப்பும் வாங்கினோம். நான் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்ததும் அது அலமாரி மேல் ஏறியது. அதை இறக்கித் துடைத்தவர் அம்மா.

நான்கு பொருள், ஒரே எடை

அம்மா செய்வது ஐஸிங் இல்லாத சாதாரண லோஃப் கேக். வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 200 கிராம், மைதா 200 கிராம், 4 முட்டை. ஓடு நீக்கினால் முட்டையும் கிட்டத்தட்ட அதே எடைதான் வரும். இதுதான் பவுண்ட் கேக். நான்கு பொருளும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது 453 கிராம் போட்டதால் வந்த பெயர்.

1747-ல் லண்டனில் வெளியான ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே இந்த கேக் இருக்கிறது. கலவையைக் கையாலோ மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறார். அப்போது பேக்கிங் பவுடர் கிடையாது. கேக்கை உப்ப வைக்க வேண்டிய காற்று முழுவதும் அடிப்பவரின் தோள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் பேக்கிங் பவுடரை உருவாக்கியது 1843-ல்.

செய்முறை இதுதான். சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சர்க்கரை பெருமணி. அப்படியே போட்டால் கரைய நேரமாகும். உப்பில்லாத வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து, பஞ்சு போல ஆகும்வரை பீட்டரால் 5 நிமிடம் அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்தது போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் மைதாவைத் தூவினால் சேர்ந்துவிடும். ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் விடுங்கள். மைதாவுடன் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து சலித்து, கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். மாவு இறுகலாக இருந்தால் 2 டேபிள்ஸ்பூன் பால். மைதா போட்ட பிறகு பீட்டரைத் தொட வேண்டாம். அதிகம் அடித்தால் மாவில் பசைத்தன்மை கூடி, கேக் பரோட்டா மாதிரி இழுக்கும்.

9-க்கு 5 அங்குல லோஃப் டின்னில் பட்டர் பேப்பர் போட்டு ஊற்றி, 10 நிமிடம் முன்சூடு செய்த அடுப்பில் 170 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். மேலே நீளமாக ஒரு வெடிப்பு வருமே, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேல்பகுதி முதலில் இறுகிவிடுவதால் உள்ளே இருக்கும் ஆவி அந்த வழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

தாம்பரத்து வெயிலும் கரன்ட் கட்டும்

ரெசிப்பிகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று இருக்கும். குளிர் நாடுகளில் அறை வெப்பநிலை 18, 20 டிகிரி. மே மாதம் எங்கள் சமையலறையில் அது 34-க்குக் குறையாது. அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது, கேக் கனமாகிவிடும். அதனால் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து 15 நிமிடத்தில், விரல் வைத்தால் குழி விழும் பதத்திலேயே அம்மா அடிக்க ஆரம்பித்துவிடுவார். அதுவும் காலை 5 மணிக்கு.

பாதியில் கரன்ட் போனால் அடுப்பைத் திறக்கக் கூடாது. கேக் அமைப்பாக நிற்பதற்கு மாவும் முட்டையும் வெந்து இறுக வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் நடுப்பகுதி உள்வாங்கிவிடும். கடைசி 10 நிமிடத்தில் போனால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும்.

செய்த கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் வறண்டுவிடும். நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் 2, 3 நாள் தாங்கும்.

கப்கேக் வேண்டுமா? எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். 100 கிராம் அளவில் 8 வரும். 180 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். எங்கள் ட்ரேயில் 6 குழிதான். மீதி இரண்டும் சாம்பார் கிண்ணத்தில் வெந்து, எனக்கும் தம்பிக்கும் வந்துவிடும்.

16 ரூபாய் மிச்சம்

முதலில் அக்கம்பக்கத்துக்குச் சும்மாதான் கொடுத்தார் அம்மா. பிறகு "பொண்ணு பர்த்டேக்கு ஒண்ணு செஞ்சு கொடுங்களேன், காசு வாங்கிக்கணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு இதில் சங்கடம். "பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட காசு வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். அம்மா தயங்கித் தயங்கி 220 ரூபாய் என்று சொன்னார். வாரத்துக்கு 12 கேக் வரை போனது. வீடு முழுக்க வெனிலா வாசனை. ஆனால் மாதக் கடைசியில் பர்ஸில் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நோட்டை எடுத்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் கால்குலேட்டருடன். எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி வந்தது: வெண்ணெய் 120 ரூபாய், முட்டை 28, மைதா 12, சர்க்கரை 10, எசன்ஸ், பேக்கிங் பவுடர் வகையறா 6, பட்டர் பேப்பரும் அட்டைப்பெட்டியும் 20, கரன்ட் 8. மொத்தம் 204. ஒரு கேக்குக்கு மிச்சம் 16 ரூபாய். 12 கேக்குக்கு 192 ரூபாய்!

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனில ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு ஒருத்தர் பின்னாடி நிப்பாரு. ஒரு காலருக்கு எத்தனை நிமிஷம்னு எழுதிக்கிட்டே இருப்பாரு. அப்ப எரிச்சலா இருக்கும். ஆனா அங்க என் நிமிஷத்துக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. இங்க யாருமே எண்ணலையே" என்றார்.

அடுத்த வாரம் அவரே எண்ணினார், செல்போனில் டைமர் வைத்து. எடை போடுவதில் தொடங்கி பாத்திரம் கழுவி பெட்டி கட்டுவது வரை, கை வேலை மட்டும் ஒரு கேக்குக்கு 50 நிமிடம். வாரத்துக்கு 12 கேக் என்றால் 10 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துக்குத்தான் 192 ரூபாய்.

கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பிரித்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 ரூபாய் வந்தது. "அங்க மிஷின் அவங்களது, கரன்ட் அவங்களது. பி.எஃப், இ.எஸ்.ஐ, போனஸ் எல்லாம் இருந்துச்சு. இங்க எல்லாமே நான்தான். அப்போ 2 ரூபாய்" என்று முடிவு செய்தார். 50 நிமிடத்துக்கு 100 ரூபாய். அடுப்பு, டின் தேய்மானம் 20. எப்போதாவது சொதப்பும் கேக்குக்காக 25. எல்லாம் சேர்த்து 349. அப்படி வந்ததுதான் 350.

விலை சொன்ன பிறகு

ஆர்டர் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. வாரா வாரம் வாங்கிக்கொண்டிருந்த எதிர் வீட்டு ஆன்ட்டி நேராகவே கேட்டார்: "பேக்கரில 180-க்கே கிடைக்குதே?"

"அங்கேயே வாங்கிக்கோங்கக்கா, அதுவும் நல்லாத்தான் இருக்கும். இதுல 200 கிராம் வெண்ணெய் போடறேன், அதான் இந்த விலை" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை போடவில்லை, இறங்கி வரவும் இல்லை. (விலை குறைந்த டீ கேக் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். பலவற்றில் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதியோ, மார்ஜரினோ, எண்ணெயோ இருக்கும்.)

அப்பா, "சொன்னேன்ல" என்றார். அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். 12 கேக் செய்து 192 ரூபாய். 5 கேக் செய்து, பொருள் செலவு போக 730 ரூபாய். வேலை பாதிக்கும் கீழே. அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. இப்போது டெலிவரிக்குப் பெட்டியை வண்டியில் வைத்து எடுத்துப் போவது அவர்தான்.

சில மாதத்தில் ஆர்டர் வாரம் 8 ஆனது. எதிர் வீட்டு ஆன்ட்டி வாரா வாரம் வருவதில்லை. பேரன் பிறந்தநாளுக்கு மட்டும் வருகிறார்.

பதிவு அவசியம்

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் அம்மா பதிவு செய்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டோ, அடையாளச் சான்று கொடுத்து விண்ணப்பித்தோம். 14 இலக்கப் பதிவு எண் வந்தது.

பெட்டியில் அந்த எண், சேர்த்த பொருள்கள், எடை, செய்த தேதி எல்லாம் ஒட்டுகிறோம். முட்டை சேர்த்த கேக் சட்டப்படி அசைவப் பட்டியலில் வரும். பச்சைப் புள்ளி போடக் கூடாது. பழுப்பு நிற முக்கோணக் குறிதான். சைவ வீடுகளும் வாங்கும் தெருவில் இது முக்கியம்.

நீங்கள் விற்க ஆரம்பிப்பதாக இருந்தால், முதல் ஐந்து கேக்குக்கு மட்டும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். ஒன்றில் பொருள் செலவு, இன்னொன்றில் உங்கள் நிமிடங்கள். விலையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

அம்மா தன் பெயரில் தபால் ஆபீஸில் ஓர் ஆர்.டி கணக்கு தொடங்கியிருக்கிறார். மாதம் 1,500 ரூபாய் கட்டுகிறார். மீதியில் முதலில் வாங்கியது தனக்கு ஒரு கழுத்துத் தலையணை.

இப்போது முட்டை இல்லாத கேக்கில் இறங்கியிருக்கிறார். முட்டைக்குப் பதில் புளித்த தயிரும் சமையல் சோடாவும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை உப்ப வைக்கும். மூன்று முறை செய்துவிட்டார். முதல் இரண்டும் நடுவில் அமுங்கின, மூன்றாவது நின்றது. "இதுக்கு எவ்வளவும்மா?" என்று எதிர் வீட்டு ஆன்ட்டி கேட்டதற்கு, "இன்னும் டைம் எழுதி முடிக்கலக்கா, அடுத்த வாரம் சொல்றேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.