கூடினா நல்லதா, கெட்டதா?

அத்தைக்கு நுரையீரல் புற்றுநோய்னு வந்த ரிப்போர்ட்ல 'பி.டி.எல்.1: 60 சதவீதம்'னு ஒரு வரி இருந்தது. மாமா போன்ல கேட்டார்: "மாப்ள, இது கூடினா நல்லதா, கெட்டதா?" ரெண்டும்தான்னு சொன்னா மனுஷன் கடுப்பாயிடுவார். ஆனா பதில் அதுதான். ஏன்னு எழுதிப் பார்க்கிறேன். அறிவியல் பதிவுன்னு ஓடிடாதீங்க மக்கா :-)

நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லும், உள்ளே இருக்கிற புரதங்களைத் துண்டு துண்டா நறுக்கி, எம்.எச்.சி.ங்கிற தாங்கியில வெச்சு வெளிச்சுவர்ல காட்டிக்கிட்டே இருக்கும். ரோந்து வர்ற டி செல், அறிமுகமில்லாத துண்டைப் பார்த்தா அந்த செல்லைக் கொன்னுடும். அதனால சில புற்றுநோய் செல்கள் எம்.எச்.சி.யைக் குறைச்சுக்கிட்டு தலைமறைவா இருக்கும்.

இங்கேதான் இன்டர்ஃபெரான் வருது. 1957ல லண்டன்ல ஐசக்ஸும் லிண்டன்மானும் வைரஸ் ஆராய்ச்சியில கண்டுபிடிச்ச புரதம். பின்னாடி அதுல பல வகை இருக்குன்னு தெரிஞ்சது. காமா வகையை டி செல்கள் சுரக்கும். அது ஒரு செல் மேல ஒட்டினதும், ஜாக், ஸ்டாட்னு சில புரதங்கள் சேதியை உட்கருவுக்குக் கொண்டுபோகும். எம்.எச்.சி. கூடும். ஒளிஞ்சிருந்தவன் மூஞ்சியில டார்ச் அடிச்ச மாதிரி.

ஆனா அதே சேதி பி.டி.எல்.1-ஐயும் கூட்டிடும். அது டி செல் மேல இருக்கிற பி.டி.1-ல மாட்டினா, டி செல் அடங்கிடும். இது புற்றுநோய் கண்டுபிடிச்ச தந்திரம் இல்லை. கிருமியோட நடக்கிற சண்டையில சொந்தத் திசு நாசமாகக் கூடாதுன்னு நல்ல செல்களும் போடுற பிரேக். அதைப் புற்றுநோய் களவாடிக்குது.

ஆக, 60ன்னா கேடயம் பலமா இருக்கு. அது கெட்டது. பல நேரம் டி செல்கள் வந்து மோதினதாலதான் அந்தக் கேடயமே உயர்ந்திருக்கும். அது நல்லது. கேடயத்தைத் தட்டிவிட்டா சண்டை தொடரும். 50 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்கிற ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்கு, சில மரபணு மாற்றங்கள் இல்லாத பட்சத்தில், பெம்ப்ரோலிசுமாப்பையே முதல் மருந்தா கொடுக்கலாம்னு அமெரிக்காவில 2016ல அனுமதிச்சாங்க. பி.டி.1-ஐ ஆராய்ந்த ஹோன்ஜோவுக்கு, ஆலிசனோட சேர்த்து, 2018ல நோபல்.

கேடயமே இல்லாட்டி நிம்மதியா? அப்படியும் சொல்ல முடியாது. 2016ல வெளிவந்த ஓர் ஆய்வுல, மருந்துக்கு அடங்கி அப்புறம் திரும்பி வந்த மெலனோமா கட்டிகள் சிலதுல ஜாக் மரபணுவே கெட்டுப்போயிருந்தது. இன்டர்ஃபெரான் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த செல் காதுல விழாது.

பிரேக்கை எடுத்தா நல்ல செல்லுக்கும் போயிடும். அத்தைக்கு மூணாவது மாசமே தைராய்டு படுத்துது. இப்போ தினம் மாத்திரை. சிலருக்குக் குடல், நுரையீரல், கல்லீரல் வரைக்கும் அழற்சி வரும். மருந்தை நிறுத்தி மாசக்கணக்கு ஆனப்புறமும் வரலாம். உங்க வீட்டுல யாராவது இந்த மருந்து எடுத்துக்கிட்டு இருந்தா, விடாத வயித்துப்போக்கையோ மூச்சிரைப்பையோ 'கீமோன்னா இதெல்லாம் சகஜம்'னு பொறுத்துக்காதீங்க. இது கீமோ இல்லை. அன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க.