பேங்க் ஏலத்தில் வீடு வாங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் எல்லோரும் சினிமாப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அந்தப் பெரியவர் மட்டும் பொடி எழுத்தில் வரும் பேங்க் ஏல அறிவிப்பைத்தான் முதலில் படிப்பார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பத்திநாலு வருஷம் டிக்கெட் கிழித்தார், அந்த முப்பத்திநாலு வருஷமும் வாடகை வீடுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றது எல்லாம் சேர்த்து கையில் 35 லட்சம் இருக்கிறது. இனிமேல் வேறு பணம் வராது.

ஊரப்பாக்கம் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ரிசர்வ் விலை 32 லட்சம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதே தெருவில் அதே அளவு ஃப்ளாட் 42 லட்சத்துக்குக் குறைந்து கிடைக்காது. பத்து லட்சம் மிச்சம்! ஆசை யாரை விட்டது?

இந்த மாதிரி வீடு எப்படி ஏலத்துக்கு வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வீட்டுக்கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். அதன்பிறகு 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்கலாம். முதலில் 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். பணம் வரவில்லையா, சுவாதீனம். பிறகு மதிப்பீடு, பேப்பரில் அறிவிப்பு, ஆன்லைனில் ஏலம். பொதுத்துறை பேங்குகளின் ஏலச் சொத்துகளைப் பார்க்க பாங்க்நெட் என்று ஒரு தளமே இருக்கிறது.

கேட்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வம்பு அந்த "சுவாதீனம்" என்ற ஒரு வார்த்தையில் இருக்கிறது. அது இரண்டு வகை. பூட்டி சீல் வைத்து சாவியைப் பேங்க் கையில் வைத்திருந்தால் நேரடி சுவாதீனம். கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டுப் போனால் அடையாள சுவாதீனம். இரண்டாவது வகையில் வீட்டுக்குள் ஆள் இருப்பார்கள், சோறு பொங்குவார்கள், கோலம் போடுவார்கள். அந்த வீட்டைத்தான் பேங்க் விற்கும்! பெரியவர் வெட்டி வைத்திருந்த அறிவிப்பில் அடையாள சுவாதீனம் என்று போட்டிருந்தது. அவர் கண் விலையைத் தாண்டிப் போகவில்லை. (முக்கால்வாசிப் பேர் கண்ணும் அப்படித்தான்.)

ஒரு நாள் மத்தியானம் வீட்டைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்தது அறுபது வயசுக்கு மேல் இருக்கிற ஒரு அம்மா. ஹாலில் ஒரு பையன் ஸ்கூல் யூனிஃபார்மோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வீடு பாக்க வந்தீங்களா? நீங்க நாலாவது ஆளு. உள்ள வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பேங்கில் கேட்க நினைத்த கேள்விகளை எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தார். இந்த அம்மாவிடம் கேட்க ஒன்றுமில்லை. "மகன் கேஸ் போட்டிருக்கான். நாங்க போறதா இல்லைங்கய்யா" என்று கோபமே இல்லாமல் சொன்னார்.

மகன் கேஸ் போட்டிருப்பது கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில். பேங்க் எடுத்த நடவடிக்கை தப்பு என்று கடன்காரர் 45 நாளுக்குள் அங்கே போகலாம். நோட்டீஸ் முறையாகத் தரவில்லை, அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவில் 30 நாள் விடவில்லை, விலையைக் குறைத்துப் போட்டார்கள் என்று எதையாவது காட்டி நிரூபித்துவிட்டால் ஏலமே ரத்தாகலாம். பணம் திரும்பி வரும்தான், எப்போது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

"கடைசி நேரத்தில் அவர்கள் கடனைக் கட்டி மீட்டுவிட்டால்?" என்பது இவருடைய அடுத்த பயம். இதில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை என்று ஆக்கினார்கள். மகாராஷ்டிராவில் ஒரு சொத்தை 105 கோடிக்கு மேல் கொடுத்து ஏலம் எடுத்து முழுப் பணமும் கட்டிவிட்டார்கள். அதன்பிறகும் கடன்காரர் மீட்டுக்கொள்ளலாம் என்று பம்பாய் ஹைகோர்ட் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஜெயித்தார்கள், சரி. 105 கோடி போட்டவர் டெல்லி வரை போய் வக்கீல் வைப்பார். 32 லட்சத்தில் வீடு வாங்குகிறவர்?

பணம் கட்டும் விதிதான் இன்னும் பயங்கரம். ஏலம் எடுத்த அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். 32 லட்சத்துக்கு 8 லட்சம். மீதி 24 லட்சம், விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். பேங்க் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். கட்டாவிட்டால் கட்டியதும் போச்சு. நம்ம ஊர் கேஸே இருக்கிறது. 12.27 கோடிக்கு ஏலம் எடுத்த ஒருவரால் மீதியைக் கட்ட முடியவில்லை. அவர் கட்டிய 3 கோடிச் சொச்சத்தைப் பேங்க் எடுத்துக்கொண்டது. சென்னை ஹைகோர்ட் அவருக்குச் சாதகமாகச் சொன்னாலும், 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் முழு டெபாசிட்டையும் பேங்க் எடுத்தது சரி என்று சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி ஏலத்தில் இறங்குகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

பெரியவருக்குக் கடன் பிரச்சினை இல்லை, கையில் பணம் இருக்கிறது. அவர் பிரச்சினை அந்த அம்மா.

பேங்கில் போய்க் கேட்டார். "கலெக்டருக்கு மனு போட்டிருக்கோம் சார், ஆர்டர் வந்ததும் காலி பண்ணிக் கொடுத்துடுவோம்" என்றார் அதிகாரி. கலெக்டர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், நீட்டித்தாலும் 60 நாள் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கெடு கட்டாயமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆக, "ஆர்டர் வந்ததும்" என்பதற்குத் தேதி கிடையாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருஷத்துக்கு 2,24,000 வட்டி. வீடு கைக்கு வரும்வரை இவர் வாடகை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மாதம் 12,000 என்றால் வருஷத்துக்கு 1,44,000. ஆக ஒவ்வொரு வருஷத் தாமதத்துக்கும் 3,68,000 காலி. பத்து லட்ச மிச்சத்தில் பழைய பாக்கிக்கும் ரிப்பேருக்கும் இரண்டு லட்சம் ஒதுக்கினால் எட்டு லட்சம். இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் போனால் அந்த எட்டு லட்சமும் கரைந்துவிடும். அதற்குப்பின் மார்க்கெட்டில் நேராக வாங்கியிருக்கலாமே என்று புலம்ப வேண்டியதுதான். அப்படிப் பார்த்தால் பத்து லட்சம் என்பது தள்ளுபடியே இல்லை. அடுத்தவர் வழக்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு முன்கூட்டியே கொடுக்கும் கூலி.

பழைய பாக்கி என்றதும் சிலர் "அது பழைய ஓனர் பாடு" என்பார்கள். ஏல அறிவிப்பின் அடியில் "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்" என்று ஒரு வரி வரும். அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. பழைய ஓனர் வைத்த கரண்ட் பில் பாக்கியை ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்க விதி இருந்தால் கேட்கலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொத்து வரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் எல்லாவற்றையும் நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான விவரம்தான் இருக்கும், வாட்ச்மேனிடம் பேசினால் மீதி தெரியும். தனி வீடாக இருந்தால் பாகம் கேட்கும் அக்கா தங்கைகள் உண்டா என்பதையும் சேர்த்து விசாரிப்பது நல்லது.

இவ்வளவையும் கேட்ட வக்கீல் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "சாவி பேங்க் கையில இருக்கற வீடா பாருங்க, அதுல விலை கொஞ்சம் கூடவே இருந்தாலும் பரவால்ல." அப்படிப்பட்ட வீடுகளும் வரத்தான் செய்கின்றன. இவர் பார்த்த இரண்டிலும் போட்டி ஏறி, கடைசியில் மார்க்கெட் விலைக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. பேங்க்காரர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் சாவியின் விலை தெரிந்திருக்கிறது போல!

ஊரப்பாக்கம் வீட்டுக்கு டெபாசிட் கட்டக் கடைசி நாள் வந்தது. 3,20,000 அனுப்ப வேண்டும். பெரியவர் பேங்க் வரைக்கும் போனார், ஃபாரத்தை வாங்கினார், பூர்த்தி செய்யாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த ஏலத்துக்கு யாருமே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே வீடு மறுபடியும் பேப்பரில் வந்தது. ரிசர்வ் விலை 28,80,000. இந்தத் தடவை அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் 15 நாள் இருந்தால் போதும். பெரியவர் கத்தரிக்கோலைத் தேடினார். வெட்டி எடுத்து மனைவியிடம் காட்டி, "இன்னும் மூணு லட்சத்து இருபதாயிரம் இறங்கியிருக்கு பாரு" என்றார்.

"ஏங்க, அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார் மனைவி.