ரைக்கர் சொன்ன இரண்டு ‘முடியாது’

ஜூன் 3, செவ்வாய்

சின்னவன் கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆகி வீட்டில் இருக்கிறான். செகண்ட் மேட். பகலில் தூங்குகிறான், நள்ளிரவில் விழித்திருக்கிறான். பன்னிரண்டு-நாலு வாட்ச் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் என்னையும் உட்கார வைத்து ‘ஸ்டார் ட்ரெக்’ போட்டான். 1987-இல் ஆரம்பித்த ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’.

முதல் கதையில் விண்வெளி நீதிமன்றம், கியூ என்கிற சர்வவல்லமைக் குறும்புக்காரன் எல்லாம் வருகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பிடித்தது நடுவில் வரும் ஒரு சின்ன நேர்காணல். கேப்டன் பிக்கார்ட், புதிதாகச் சேர வந்திருக்கும் முதல் அதிகாரி ரைக்கரை நிற்க வைத்தே கேட்கிறார்: முந்தைய கப்பலில் உன் கேப்டன் ஒரு கிரகத்தில் இறங்கக் கிளம்பியபோது நீ தடுத்துவிட்டாயாமே, கேப்டன் பதவி என்றால் உனக்கு ஒன்றுமில்லையா? ரைக்கர் மழுப்பவில்லை. பதவியைவிட அந்தக் கேப்டனின் உயிர் எனக்குப் பெரிது என்கிற தொனியில் பதில் சொல்கிறான். பிக்கார்ட் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் வேலை அவனுக்குத்தான் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொன்னதுதான் அவனுக்கு நற்சான்றிதழ்.

இதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் இருந்தவர் என்று சின்னவன் சொன்னான். சீருடைக்குள் இருந்து பார்த்தவர்தான் இப்படி ஒரு காட்சியை முதல் கதையிலேயே வைப்பார்.

ஜூன் 4, புதன்

இன்று பழைய தொடர். 1967-இல் வந்த ‘தி டூம்ஸ்டே மெஷின்’. கிரகங்களைத் தின்றுகொண்டே வரும் ஒரு ராட்சத இயந்திரம். அட்டை வேலைதான், ஆனால் கதை அசைக்கிறது.

கமடோர் டெக்கர் தன் கப்பலையும் ஆட்களையும் இழந்தவர். ஆட்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டிருக்கிறார், இயந்திரம் அந்தக் கிரகத்தையே தின்றுவிட்டது. அவரை எண்டர்பிரைஸ் கப்பலுக்குக் கொண்டுவருகிறார்கள். கேப்டன் கிர்க் அப்போது டெக்கரின் சிதைந்த கப்பலில் இருக்கிறார், தொடர்பும் அறுந்துவிட்டது. எண்டர்பிரைஸ் பொறுப்பில் முதல் அதிகாரி ஸ்பாக். டெக்கர் பிரிட்ஜுக்கு வந்து, இங்கே நான்தான் மூத்தவன், விதிப்படி கப்பல் என்னுடையது என்கிறார். டாக்டர் மெக்காய் கொதிக்கிறார்: இவர் மனநிலை சரியில்லை, பதவியில் இருக்கத் தகுதியற்றவர் என்று நான் சான்று தருகிறேன். ஸ்பாக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அவரைப் பரிசோதித்த பதிவு எங்கே? பதிவு இல்லை. டாக்டருக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அப்படியென்றால் உங்கள் வாய்ச்சொல் செல்லாது என்று ஸ்பாக்கே டாக்டரிடம் சொல்கிறான். டெக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

அடுத்து நடப்பதுதான் அழகு. டெக்கர் கப்பலை நேரே இயந்திரத்தின் மேல் விடப் பார்க்கிறார். உடனே ஸ்பாக், தற்கொலை முயற்சி மனநிலை பிறழ்ந்ததற்குச் சான்று, திரும்பாவிட்டால் அதைக் கொண்டே உங்களை விலக்குவேன் என்கிறான். டெக்கர் திரும்புகிறார். எந்த விதியைக் காட்டி அவர் உட்கார்ந்தாரோ அதன் பக்கத்து விதியை எடுத்து ஸ்பாக் நீட்டுகிறான். அதில் கோபம் இல்லை, கை ஓங்கல் இல்லை.

கடைசியில் தொடர்பு கிடைத்ததும் கிர்க், என் சொந்த அதிகாரத்தில் சொல்கிறேன், டெக்கரை விலக்கு என்கிறார். டெக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கும் ஸ்பாக்கிடம் பதில் இருக்கிறது: நாம் பிழைத்தால் நீங்கள் தலைமையகத்தில் முறைப்படி ஆட்சேபம் பதிவு செய்துகொள்ளலாம்.

“எப்பா, எங்க கப்பல்லயும் இப்படித்தான்” என்றான் சின்னவன். அவன் வாட்ச்சில் இருக்கும்போது கேப்டன் பிரிட்ஜுக்கு வந்து நின்றாலும் பொறுப்பு அவனுடையதுதானாம். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேப்டன் வாய்விட்டுச் சொன்னால்தான் கை மாறும். வந்து நின்றார், முனகினார், தலையாட்டினார் என்பதெல்லாம் கணக்கில் வராது. “சொல்லாம கொள்ளாம ஒருத்தர் தலையிட்டா, ரெண்டு பேரும் மத்தவன் பார்த்துக்கிடுவான்னு இருந்திருவோம். கப்பல் தரைதட்டிரும்.”

ஜூன் 6, வெள்ளி

நேற்று காற்றில் கேபிள் போய்விட்டது. இன்று ‘செயின் ஆஃப் கமாண்ட்’, முதல் பாகம். 1992 டிசம்பரில் வந்தது.

பிக்கார்டை ஒரு ரகசிய வேலைக்கு அனுப்பிவிட்டு எண்டர்பிரைஸை கேப்டன் ஜெலிக்கோவிடம் கொடுக்கிறார்கள். கார்டேசியர்களோடு போர் மூளும் நேரம். அவர்களோடு முன்பு சமாதானம் பேசி முடித்த அனுபவம் ஜெலிக்கோவுக்கு இருக்கிறது. ரைக்கர் அதே கப்பலில் வருஷக்கணக்காக இரண்டாவது ஆள், அவனுக்குக் கொடுக்கவில்லை. இதுவே ஒரு முள்.

ஜெலிக்கோ கப்பலில் கால் வைத்த கையோடு ரைக்கரிடம் சொல்லும் முதல் வேலை: மூன்று ஷிஃப்ட் முறையை நான்காக மாற்று. பிறகு பொறுப்பு மாற்றும் சடங்கு. சிப்பந்திகள் வரிசையில் நிற்கிறார்கள், உத்தரவு வாசிக்கப்படுகிறது, கட்டளைக் குறியீடுகளைக் கணினி புதியவர் பெயருக்கு மாற்றுகிறது. கூட்டம் கலையும் முன்பே ஜெலிக்கோ தணிந்த குரலில் ரைக்கரைக் கேட்கிறார்: ஷிஃப்ட் மாறிவிட்டதா? ரைக்கர், துறைத் தலைவர்களிடம் பேசினேன், ஆள் சிக்கல் வரும் என்கிறார்கள், சடங்கு முடிந்ததும் விளக்கலாம் என்று இருந்தேன் என்கிறான். விளக்கம் எப்போது வேண்டும் என்று நான் முடிவு செய்வேன், மாற்று என்கிறார் ஜெலிக்கோ.

இந்த இடத்தில் வீட்டில் பெரிய வாக்குவாதம். எனக்கு ஜெலிக்கோ பக்கம்தான் மனசு சாய்ந்தது. ரைக்கருக்குத் தடை தெரிந்திருந்தால் அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உத்தரவைச் செய்யாமலும் செய்யமுடியாது என்று சொல்லாமலும் பையில் வைத்துக்கொண்டு நிற்பது என்ன வகை? முதல் கேப்டனை முகத்துக்கு நேரே மறித்தவன் இவனா?

சின்னவன் ஒப்பவில்லை. மூன்று ஷிஃப்ட் என்றால் ஆளுக்கு எட்டு மணி நேரம், நான்கு என்றால் ஆறு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இருக்கிற ஆட்களையே நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவும் மெலியும், தூக்க நேரம் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் புரளும். சின்னவனுடைய கப்பலில் இருபத்துநாலு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம் என்று சர்வதேச விதியே உண்டு. ஓய்வு நேரத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். “சண்டைக்கு முந்தின நாள் வாட்ச்சை மாத்துற கேப்டனை நான் பார்த்ததில்ல. மாத்தினாலும் ஏன்னு ஒரு வரி சொல்லுவாரு.”

அந்த ஒரு வரியை ஜெலிக்கோ கடைசிவரை சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆலோசகர் டிராயிடம் சீருடை போட்டு வா என்கிறார் (அது சரி, ஏன் அதுவரை போடவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை), பிக்கார்டின் அறையிலிருந்த மீன் தொட்டியை எடுக்கச் சொல்கிறார். எல்லாம் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒன்றுக்கும் காரணம் இல்லை.

ஜூன் 7, சனி

இரண்டாம் பாகம். பிக்கார்ட் கார்டேசியர் கையில் சிக்கி வதைபடுகிறார். கார்டேசிய அதிகாரியாக வரும் நடிகர் டேவிட் வார்னர் சாவதானமாகப் பேசிக்கொண்டே வதைக்கிறார். அந்தப் பகுதியில் என் மனைவி எழுந்து போய்விட்டாள்.

கப்பலில் பிரச்சினை இது: பிக்கார்ட் எங்கள் உத்தரவில்தான் வந்தார் என்று ஒப்புக்கொண்டால் அவருக்குப் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு கிடைக்கும். ஒப்புக்கொண்டால் எதிரிக்குப் பேச்சுவார்த்தையில் ஒரு துருப்புச்சீட்டு கிடைக்கும். ஜெலிக்கோ மறுக்கிறார். ரைக்கர் வெடிக்கிறான். ஜெலிக்கோ அவனை விலக்கிவிட்டு இயந்திர மனிதனான டேட்டாவை முதல் அதிகாரியாக்குகிறார். டேட்டா மஞ்சள் சீருடையைக் கழற்றிவிட்டு சிவப்பில் வந்து நிற்கிறான். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பிறகு கார்டேசியர் கப்பல்கள் பதுங்கியிருக்கும் நெபுலாவுக்குள் ஒரு சிறு விண்கலத்தில் போய்க் கண்ணிவெடி பரப்ப வேண்டியிருக்கிறது. கப்பலிலேயே அதற்கு ஏற்ற விமானி ரைக்கர். ஜெலிக்கோ அவன் அறைக்கே போகிறார். கொஞ்ச நேரம் பதவியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசலாம் என்கிறார். முதலில் அவரே கொட்டுகிறார்: உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, நீ நல்ல முதல் அதிகாரி இல்லை, ஆனால் நீதான் சிறந்த விமானி. பதவிதான் ஒதுங்கிவிட்டதே என்று ரைக்கரும் திருப்பிக் கொடுக்கிறான்: நீங்கள் யாரையும் நம்புவதில்லை, இந்தக் கப்பலில் ஒருவருக்கும் உங்களோடு வேலை செய்வதில் மகிழ்ச்சி இல்லை. இருவரும் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகும் ரைக்கர் உட்கார்ந்தே இருக்கிறான். கட்டளையிட்டால் போதாது, கேட்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஜெலிக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறார். ரைக்கர் சரி என்கிறான்.

திட்டம் பலிக்கிறது. பிக்கார்டும் திரும்புகிறார். அதாவது கதை ஜெலிக்கோவைத் தோற்கடிக்கவில்லை. ரசிகர்களுக்குப் பிடிக்காத ஆளை ஜெயிக்க வைத்ததற்கு எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனாலும் ரைக்கர் இதே பேச்சை முன்பே ஒரு தனியறையில் பேசியிருந்தால் அவன் நாற்காலி போயிருக்காது.

ஜூன் 9, திங்கள்

‘கேம்பிட்’, 1993. ரைக்கரும் இல்லை, பிக்கார்டும் இல்லை. டேட்டா கப்பலை நடத்துகிறான், வோர்ஃப் இரண்டாவது ஆள். டேட்டாவின் முடிவுகள் வோர்ஃபுக்குப் பிடிக்கவில்லை. பிரிட்ஜில் எல்லார் முன்னாலும் குறுக்கே பேசுகிறான், பெருமூச்சு விடுகிறான். டேட்டா அவனை உள்ளறைக்குக் கூப்பிடுகிறான்.

அங்கே டேட்டா சொல்வதன் சாரம்: முடிவு எடுக்கும்வரை மாற்று யோசனை சொல்வது உன் வேலை, எடுத்தபின் அதை நிறைவேற்றுவது உன் வேலை, சிப்பந்திகள் முன் முகம் சுளிப்பது உன் வேலை இல்லை. இந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால் பழைய இடத்துக்குப் போகலாம், பதிவேட்டில் ஒரு கறையும் விழாது. வோர்ஃப் இருக்கிறேன் என்கிறான். அதோடு டேட்டாவின் குரல் மாறுகிறது. நம் நட்பு இதனால் முடிந்துபோயிருந்தால் வருந்துகிறேன் என்கிறான். கெடுத்தது நான்தான் என்கிறான் வோர்ஃப். இரண்டு நிமிடம் இருக்குமா இந்தக் காட்சி? சின்னவனை மறுபடி போடச் சொன்னேன்.

தாலுகா ஆபீசில் நாங்கள் கோப்பில் குறிப்பு எழுதுவது இதற்காகத்தான். கீழே இருப்பவன் இது கூடாது என்று காரணத்தோடு எழுதலாம், மேலே இருப்பவர் அதைத் தாண்டி உத்தரவிடலாம், அதற்குப் பிறகு எழுதியவனே அந்த உத்தரவைத் தயார் செய்து கொடுப்பான். ஆனால் அவன் எழுதிய பக்கத்தை யாரும் கிழிக்க முடியாது. டேட்டா செய்தது அதுதான், தாள் இல்லாமல்.

ஜூன் 11, புதன்

சில்லறைச் சந்தேகங்கள். டாக்டர் கிரஷரின் கழுத்துப்பட்டையிலும் ரைக்கருடையதிலும் மூன்றே புள்ளிகள், இருவரும் கமாண்டர். பிறகு ஏன் ரைக்கருக்கு அடுத்து லெஃப்டினன்ட் கமாண்டரான டேட்டா? சின்னவன்: சீஃப் என்ஜினியருக்கும் கேப்டனைப் போலவே தோளில் நாலு பட்டைதான், ஆனால் கேப்டன் விழுந்தால் கப்பல் சீஃப் மேட்டிடம்தான் போகும். ஆக, பட்டை எத்தனை என்பது ஒரு கணக்கு, யார் வரிசையில் என்பது வேறு கணக்கு. ‘டிசாஸ்டர்’ கதையில் எல்லாரும் ஆங்காங்கே மாட்டிக்கொள்ள, பிரிட்ஜில் மிஞ்சும் அதிகாரிகளில் ஆலோசகர் டிராய்தான் மூத்தவள். கப்பல் ஓட்டவே தெரியாது, தலையில் வந்து விழுகிறது. நல்ல கதை.

டிரான்ஸ்போர்ட்டர் இயக்கும் ஓ’பிரையன் விஷயம் குழப்பம். ஆரம்பத்தில் அதிகாரிக்குரிய புள்ளிகளோடு வருகிறார், 1990-இல் ‘ஃபேமிலி’ கதையில் திடீரென்று சீஃப் பெட்டி ஆபீசர். எழுதியவர்கள் நடுவழியில் முடிவு செய்திருக்கிறார்கள். பரவாயில்லை, அதிகாரி அல்லாத ஒருவர் அந்தக் கப்பலில் மனிதர் போலத் தெரிவது அவர் ஒருவரால்தான்.

ஜூன் 14, சனி

மாற்றத்துக்கு ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’, 2005-இல் வந்த ‘பெகசஸ்’ கதை. இந்தப் புதிய கேலக்டிகாவை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர், நெக்ஸ்ட் ஜெனரேஷனில் எழுதியவர். ஜெலிக்கோ கதையின் முதல் பாகத் திரைக்கதையே அவருடையதுதான். அங்கே விட்டதை இங்கே எடுக்கிறார்.

கமாண்டர் அடாமாவின் கப்பல்தான் மிஞ்சிய ஒரே போர்க்கப்பல் என்று நினைத்திருக்கும்போது இன்னொன்று வருகிறது. அதில் அட்மிரல் கெய்ன். மூத்தவர், ஆகவே எல்லாம் அவர் கையில். அடாமா சல்யூட் அடிக்கிறார், வேறு வழி இல்லை. பிறகு தெரியவருகிறது: கெய்னின் இரண்டாவது அதிகாரி ஒரு தாக்குதல் உத்தரவை நிறைவேற்ற மறுத்திருக்கிறான். கெய்ன் அவனுடைய துப்பாக்கியையே வாங்கி, எல்லார் முன்னாலும் அவன் தலையில் சுட்டிருக்கிறார். அந்தக் கப்பலில் உள்ளறைப் பேச்சு என்று ஒன்று கிடையாது. விளைவு, சீக்கிரமே அடாமாவும் கெய்னும் ஒருவரை ஒருவர் கொல்ல ஆள் ஏற்பாடு செய்கிறார்கள். கல்வித்துறைச் செயலராக இருந்து, வாரிசு வரிசையில் 43-ஆவது இடத்திலிருந்து குடியரசுத் தலைவரான ராஸ்லின், மென்மையான அந்த டீச்சரம்மா, கெய்னைக் கொன்றுவிடுங்கள் என்று அடாமாவிடம் முதலில் சொல்பவர். அடாமா, கெய்ன் இருவருமே கடைசி நேரத்தில் கைவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஜெலிக்கோ எவ்வளவோ தேவலை என்றேன். சின்னவன் சிரித்தான்.

ஜூன் 17, செவ்வாய்

‘வாயேஜர்’. கப்பல் 70,000 ஒளியாண்டு தள்ளிப் போய் விழுந்துவிடுகிறது. ஒரு பகுதி ஸ்டார்ஃப்ளீட் படையினர், இன்னொரு பகுதி அவர்கள் பிடிக்கப் போன மாக்கி கலகக்காரர்கள். கேப்டன் ஜேன்வே எல்லாருக்கும் சீருடை மாட்டி, கலகத் தலைவன் சக்கோட்டேயையே முதல் அதிகாரியாக்குகிறார். தற்காலிகப் பதவிச் சின்னம் புள்ளிகளாக இல்லை, ஒரு பட்டை. டோரஸ் என்ற பெண் மூத்த பொறியாளர் கேரியின் மூக்கை உடைக்கிறாள். அடுத்த சில நாளில் அவளே அவனுக்கு மேலதிகாரி. திறமையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், ஆனாலும் எனக்குக் கேரி மேல்தான் இரக்கம்.

ஏழு சீசனுக்கும் சேர்த்து சின்னவனின் வயிற்றெரிச்சல் ஹாரி கிம். 1995-இல் என்சைனாக ஏறியவன் 2001-இல் என்சைனாகவே இறங்குகிறான். நடுவில் சக அதிகாரி பாரிஸ் பதவி இறக்கப்பட்டு, சிறையில் 30 நாள் இருந்து, மறுபடி லெஃப்டினன்ட்டாகிறான். இன்னொரு அதிகாரி டூவாக்குக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. “எல்லாம் அந்த அம்மா கையில இருக்கு. இவனுக்கு மட்டும் ஏம்பா இல்ல?” மேட் ஒருவனின் நியாயமான கேள்வி.

எனக்குத் தோன்றுவது வேறு. டெக்கரிடம் ஸ்பாக், தலைமையகத்தில் ஆட்சேபம் கொடுங்கள் என்றான். ஜெலிக்கோவுக்கு மேலே ஒரு அட்மிரல் இருந்தார். வாயேஜரில் ஜேன்வேக்கு மேல் பல வருஷம் யாருமே இல்லை. ‘ஈக்வினாக்ஸ்’ கதையில் அவர் ஒரு கைதியைச் சாகும் அளவுக்கு மிரட்டுகிறார், சக்கோட்டே தடுக்கிறான், அவனையே பொறுப்பிலிருந்து விலக்குகிறார். விலக்கியது சரியா என்று கேட்க ஆளில்லை, கதை முடிவில் அவராகவே இறங்கி வந்தால்தான் உண்டு. கிம் ஒரு மனு எழுதுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். எந்த முகவரிக்கு அனுப்புவான்?

சின்னவன் இதை ஏற்கவில்லை. ஆறாவது சீசனிலேயே பூமியோடு பேச வழி கிடைத்துவிட்டதாம், அப்போதாவது எழுதியிருக்கலாமே என்கிறான். நாளைக்கு அந்தக் கதையைப் போடச் சொல்லியிருக்கிறேன்.