நாலு டயரும் நாலு எலுமிச்சம்பழமும்

எங்கள் புளியங்குடியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் எலுமிச்சம்பழத்துக்கு வராது. மற்ற ஊர்க்காரர்கள் புது கார் வாங்கினால் டயருக்கு அடியில் வைக்க நாலு பழம் தேடி ஓடுவார்கள். எங்கள் வீட்டில் மூட்டையே கிடக்கும். அப்பா முப்பது வருஷம் எலுமிச்சை வியாபாரம் பார்த்தவர். அந்தக் காசில் வாங்கியதுதான் எங்கள் 1997 மாடல் வெள்ளை மாருதி 800. கம்பெனி 2014 ஜனவரியில் இந்த மாடல் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அப்பா ஓட்டுவதை நிறுத்தவில்லை.

போன தீபாவளிக்கு மச்சினர் புது காரில் வந்து எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம கார் அதோட குட்டியாப்பா?" என்றான். ஆபீஸில் சூப்பிரண்ட் நாலு பேர் முன்னால் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்கிற எனக்கு அது தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு டயர் கடையில் போய் நின்றேன். எங்கள் வண்டிக்குரிய 145/70 ஆர் 12 ஸ்டாக் இல்லை என்றார்கள். "அது எதுக்கு அண்ணாச்சி? பழைய அலாய் வீல் ஒரு செட் கெடக்கு. 13 இஞ்ச். 165/65 டயரோட தாரேன். நட்டு ஓட்டையெல்லாம் சரியா சேரும். கார் சும்மா கெத்தா நிக்கும்!" என்றார் கடைக்காரர்.

கெத்தாகத்தான் நின்றது. என் பையன் கை தட்டினான். அப்பா மட்டும் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "என்னலே, சக்கரம் மட்கார்டை முட்டுத மாதிரி இருக்கு?" என்றார். "அதெல்லாம் மாடர்ன் டிஸைன்ப்பா" என்றேன்.

பத்து நாள் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா, நான், என் மனைவி மூன்று பேரும் அவரை வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கிளம்பினோம். தனியாக ஓட்டியபோது சமர்த்தாக இருந்த கார், நாலு பேர் ஏறியதும் அமுங்கிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'கர்ர்ர்' என்று சத்தம். சொக்கம்பட்டி தாண்டும்போது ரப்பர் கருகிய வாடை. இறங்கிப் பார்த்தால், மட்கார்டு விளிம்பு முன் டயரின் பக்கவாட்டைச் சீவிக் காற்றை இறக்கியிருந்தது.

ஸ்டெப்னியோ பழைய 12 இஞ்ச். ஒரு கால் குட்டையான ஆள் மாதிரி கார் சாய்ந்து நின்றது. நல்லவேளை, பின்னால் காலியாக வந்த லோடு ஆட்டோக்காரர் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். நானும் மனைவியும் ஊர்ந்து போனோம். அந்த வழியெல்லாம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். வெறும் வாய்வுத் தொல்லை என்றார் டாக்டர். எனக்குத்தான் அதற்குள் நெஞ்சு வலி வந்திருந்தது.

மறுநாள் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவிகிதம், அதாவது பக்கச் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் இப்படி மூன்று கணக்கைக் கலந்தவர் கண்டிப்பாக எங்கள் ஆபீஸ் பில் செக்‌ஷன் ஆளாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்து அம்பாஸடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்று இரண்டு நம்பரும் அங்குலத்திலேயே முடிந்துவிட்டன!

பழைய டயரின் மொத்த விட்டம் 508 மில்லிமீட்டர். நான் மாட்டியது 545. ஏழு சதவிகிதம் அதிகம். மூன்று சதவிகிதத்துக்கு மேல் போகாதே என்பது பொதுவான விதி. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போயிருக்கிறது. அகலத்தில் வேறு 20 மில்லிமீட்டர் கூடுதல். நட்டு ஓட்டைகளின் வட்டம் 100 மில்லிமீட்டரா, 114.3-ஆ என்று பார்த்து மாட்டினால் மட்டும் போதாது ஸார். ரிம் உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கிறது, வெளியே எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். டயர் தாங்கும் எடையையும், அது தயாரான தேதியையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் 2323 என்று நாலு இலக்கம் இருந்தால், 2023-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம்.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழத்துல எழுத்தா இருக்கு? கண்ணாலயே பார்த்து முப்பது வருஷம் ரகம் பிரிச்சேன். உனக்கு நம்பரே எழுதி வச்சிருந்தும் தெரியலையேலே!"

பழைய ரிம் நாலையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். மச்சுப்படிக்கு அடியிலிருந்து சாக்கை விலக்கிக் காட்டினார். அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாராம்.

கடை கடையாக அலைந்து 145/70 ஆர் 12 வாங்கி மாட்டினேன். அடியில் வைக்க அப்பாவே மூட்டையைக் கிளறி நாலு பழம் பொறுக்கி எடுத்து வந்தார்.

"நல்லா பாத்துக்கோ. நாலும் ஒரே சைஸ்!"