ஆளுக்கொரு பாய்



நயினாதீவிலிருந்து பான்ட் வாத்தியக் குழு வெளியூர் போவதென்றால் முதலில் படகு, குறிகட்டுவானில் இறங்கி பஸ். மேளங்களே பாதி இடத்தைப் பிடித்துவிடும். இரவில் படுப்பது ஏதாவதொரு வகுப்பறையின் சீமெந்துத் தரையில். மெத்தை சுகம்தான், ஆனால் கடல்தண்ணீர் பட்டால் லேசில் காயாது. காற்றடைக்கிற மெத்தை ஓட்டையானால் விடியும்வரை தரைதான். ஓலைப்பாய் சுருட்டினால் தோளில் தொங்கும், நனைந்தாலும் வெயிலில் காயும்.

"வீட்டிலிருந்து பாய் கொண்டு வாங்கோ" என்றோம். ஒரு பிள்ளை, "நான் வரேல்லை டீச்சர்" என்றது. விசாரித்தோம். வீட்டில் இருந்தது ஒரே பாய். அதில் அம்மம்மா படுக்கிறா.

ஆசிரியர்கள் சேர்ந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாய் வாங்கினோம். அந்தப் பிள்ளையும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பயணத்துக்குப் பொருட்பட்டியல் எழுதும்போது, எல்லா வீட்டிலும் அது இருக்குமா என்று ஒருதரம் யோசிப்போம்.