ஆர்ட பக்கத்தால வந்தது?

மகள் பிறந்து வீட்டுக்கு வந்த கிழமையில், பிள்ளை பார்க்க வந்தவர்கள் கேட்டது இதைத்தான். கெட்ட மனதோடு கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறா வாங்கி வந்தவர்கள், சரக்கு அரைத்துத் தந்தவர்கள், நான் கண்ணயர வேண்டும் என்று இரவில் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள்தான் கேட்டார்கள். மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வீட்டுக்குத் துன்பம் வந்தால் அது வந்த வழி தெரிய வேண்டும். வழி தெரிந்தால் மனம் ஆறும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

பதில்களையும் அவர்களே கொண்டு வந்தார்கள். மச்சானைக் கட்டினதால் வந்தது என்றார் ஒருவர். கிரகணத்தன்று வெளியில் திரிந்திருப்பாய் என்றார் இன்னொருவர். தன் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளையும் இல்லை என்று மாமி சொல்லி முடிக்க, தன் பக்கத்திலும் இல்லை என்றார் அம்மா. இரண்டு பக்கமும் இல்லையென்றால் மிஞ்சுவது நான்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று தீர்மானித்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அதற்கு உண்மையான பதில் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். பெரும்பாலும் இரவில், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு தேடினேன். பால் கொடுப்பதே பெரிய வேலை. அவளுடைய தசைகள் தளர்வானவை. உறிஞ்சத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் களைத்துத் தூங்கிவிடுவாள். பாலைப் பீய்ச்சிச் சின்னக் கரண்டியால் ஊட்டுவேன். ஒரு கரண்டி உள்ளே போய், தொண்டை அசைந்து, அவள் விழுங்கினாள் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. அப்படி ஊட்டும் நேரத்தில் வாசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

பிறந்த அன்றே டொக்டர் அவளுடைய உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நம்மில் பெரும்பாலோருக்கு விரல்களுக்குக் கீழே இரண்டு ரேகைகள் குறுக்கே போகும். அவளுக்கு ஒன்றுதான், கையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேராக ஓடியது. கண்ணின் வெளி ஓரம் சற்று மேல்நோக்கி இருந்தது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று எந்தப் பிள்ளைக்கும் இருக்கலாம், சேர்ந்து இருப்பதால்தான் இரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது என்றார். நிறமூர்த்தங்களைப் பார்க்கும் பரிசோதனை அது. இலங்கையில் இந்தத் துறைக்கென்று கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனிதப் பிறப்புரிமையியல் அலகு 1983இல் தொடங்கப்பட்டது. எங்கள் பிள்ளையின் இரத்தமும் கொழும்புக்குத்தான் போனது.

திரும்பி வந்த அறிக்கையில் ஒரு படம் இருந்தது. வாசலில் சோடி சோடியாகக் கழற்றி வைத்த செருப்புகள் மாதிரி நிறமூர்த்தங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மனிதருக்கு 23 சோடிகள், மொத்தம் 46. என் மகளின் படத்தில் 21ஆம் இடத்தில் மட்டும் மூன்று நின்றன. மொத்தம் 47. பால் நிறமூர்த்தங்களை விட்டுப் பார்த்தால், வரிசையிலேயே மிகச் சிறியது அந்த 21தான்.

மூன்றாவது எங்கிருந்து வந்தது? தம்பி உயர்தரத்துக்குப் படித்த உயிரியல் புத்தகத்தை எடுத்து ஒடுக்கற்பிரிவுப் பாடத்தைத் திரும்பப் படித்தேன். சூலோ விந்தோ உருவாகும்போது ஒவ்வொரு சோடியும் பிரிந்து ஒன்றுதான் உள்ளே போக வேண்டும். சில வேளை 21ஆம் சோடி பிரியாமல் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மற்றவரிடமிருந்து ஒன்று வந்து சேரும்போது மூன்றாகிவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 வீதமானவர்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு சிறு பங்கினருக்கு 21இன் துண்டு வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகை மட்டும்தான் சில நேரம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பரம்பரையாக வரக்கூடியது. அது இருக்கிறதா இல்லையா என்பதையும் அந்தப் பரிசோதனை காட்டிவிடும். எங்களுக்கு அது இல்லை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. மேலதிக நிறமூர்த்தம் பத்தில் ஒன்பது தடவை சூலிலிருந்தே வருகிறது. ஒரு பெண்ணின் சூல்கள் அவள் பிறந்த பிறகு உருவாகிறவையல்ல. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவற்றின் பிரிவு தொடங்கி, பாதியில் நின்றுவிடும். பல வருடங்கள் கழித்து, சூல் முதிர்ந்து வெளியேறும் நேரத்தில்தான் அது தொடரும். என் மகளாக மாறிய அந்தக் கலம், அம்மா என்னை வயிற்றில் சுமந்தபோதே அங்கு இருந்தது. அவ்வளவு நீண்ட காத்திருப்பில் ஒரு சோடி பிரியாமல் போக, யாரும் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. கிரகணம் அதைத் தொடாது. மச்சானைக் கட்டுவதால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடும். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடும் என்பது உண்மைதான்: 25 வயதில் ஏறத்தாழ 1,250 பேரில் ஒருவருக்கு, 40 வயதில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு. ஆனால் இளம் தாய்மாருக்கே அதிகம் பிள்ளைகள் பிறப்பதால், இப்பிள்ளைகளில் பெரும் பங்கினருக்கு என்னைப் போன்ற இளம் தாய்மார்தான்.

அறிக்கையை விளக்கிய டொக்டர் சொன்னார்: "அம்மா, இது நீங்க செய்ததாலயும் வரேல்ல, செய்யாம விட்டதாலயும் வரேல்ல." அதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒருமுறை உரக்கச் சொன்னேன்.

விடை இவ்வளவு தெளிவாக இருக்க, பழி ஏன் இன்னும் தாயின் தலையில் விழுகிறது என்று பார்க்கப் பின்னோக்கிப் போனேன். இந்த நிலையை முதலில் தெளிவாக விவரித்தவர் ஜோன் லாங்டன் டவுன். இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வூட் காப்பகத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். 1866இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பிள்ளைகளின் முகங்களை மனித இனங்களை வைத்து வகைப்படுத்தினார். காரணம் என்று அவர் காட்டியது பெற்றோரின் காசநோயை. பிறகு வந்தவர்கள் தந்தையின் குடியைச் சொன்னார்கள், மேகநோயைச் சொன்னார்கள், தாயின் கர்ப்பப்பை களைத்துப்போனதால் பிள்ளை முழுமையாகாமல் பிறந்தது என்றும் சொன்னார்கள். எங்கள் விறாந்தையில் நடந்த பேச்சு லண்டன் மருத்துவர்களிடையே பல வருடம் நடந்திருக்கிறது. டவுன் இறந்து ஒன்பது வருடங்களுக்குப் பின், 1905இல், அவருடைய மகனுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பேரனுக்கும் டவுன் சிண்ட்ரோம். குடும்பத்தோடு, தாத்தா தொடங்கிய நோர்மன்ஸ்ஃபீல்ட் இல்லத்திலேயே வளர்ந்து முதியவரானார்.

1933இல் லயனல் பென்ரோஸ் என்ற ஆய்வாளர், தந்தையின் வயதல்ல, தாயின் வயதே இதோடு தொடர்புள்ளது என்று கணக்கோடு நிறுவினார். ஆனால் கலத்துக்குள் பார்க்க இன்னும் காலம் எடுத்தது. மனிதருக்கு நிறமூர்த்தங்கள் 46 என்பதே 1956இல்தான் உறுதியானது. அதைக் கண்டவர்களில் ஒருவர் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ. அடுத்து பாரிஸின் ட்ரூசோ வைத்தியசாலையில் மார்த் கோத்தியே என்ற இளம் பெண் மருத்துவர், கலங்களை வளர்க்கும் கூடத்தை ஏறக்குறையத் தனியாக அமைத்தார். கலங்களுக்கு ஊட்டத் தன் இரத்தத்தையே எடுத்துக்கொண்டார். 1958இல் 47ஐக் கண்டார். 1959 ஜனவரியில் வெளிவந்த கட்டுரையில் முதல் பெயர் சக ஆய்வாளரான ஜெரோம் லெஜூனுடையது. கோத்தியேயின் பெயர் இரண்டாவதாக, அதுவும் பிழையாக அச்சாகியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்தே தன் பங்கை அவர் வெளியில் சொன்னார். உலகத்துத் தாய்மாரின் தலையிலிருந்து பழியை இறக்கி வைத்த வேலை அது. அவருடைய பெயரை என் மகளுக்குச் சொல்லி வளர்ப்பேன்.

1866க்கு முன் இந்தப் பிள்ளைகள் இருக்கவில்லையா? இருந்தார்கள். அயர்லாந்தின் போல்னப்ரோன் கல்லறையில் சுமார் 5,500 வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஆண்குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததை 2020இல் எலும்பின் டிஎன்ஏ காட்டியது. பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும். எலும்பில் இருந்த நைதரசன் சமதானிகளின் விகிதத்தை வைத்து, அது தாய்ப்பால் குடித்த பிள்ளை என்கிறார்கள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசித்தபோது அந்தத் தாயை நினைத்தேன். அவளும் இப்படித்தான் களைத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்திருப்பாள். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் ஏறத்தாழ 2,500 வருடங்களுக்கு முன் வாழ்ந்த மக்கள் இறந்தவர்களை எரிப்பது வழக்கம். ஆனால் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்து இறந்த சில சிசுக்களை வீட்டின் தரைக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். 2024இல் வெளிவந்த ஆய்வு இதைச் சொல்கிறது. ஒரு பிள்ளையோடு வெண்கல வளையங்களும் ஒரு கடற்சிப்பியும் இருந்தன. எந்தக் காலத்திலும், எந்த மண்ணிலும் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இன்றைக்கும் சுமார் 800 பிறப்பில் ஒன்று.

அப்படியென்றால் நம் கண்ணில் ஏன் படுவதில்லை? மறைத்ததால்தான். மறைத்தவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லருக்கு 1966இல் டவுன் சிண்ட்ரோமோடு டேனியல் என்ற மகன் பிறந்தான். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டார்கள். 1987இல் மில்லர் எழுதிய தன்வரலாற்றில் அந்த மகனின் பெயரே இல்லை. மில்லர் இறந்த பிறகு, 2007இல்தான், அந்த மகனைப் பற்றிப் பரவலாகத் தெரியவந்தது.

அதே நாட்டில் மறைக்காமல் எழுதிய தாய் ஒருத்தி முன்னமே இருந்தாள். நடிகையும் பாடகியுமான டேல் எவன்ஸுக்கு 1950இல் ரொபின் பிறந்தாள். காப்பகத்தில் விடச் சொன்ன ஆலோசனையை ஏற்காமல் வீட்டிலேயே வளர்த்தார்கள். இரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் பிள்ளை இறந்தது. 1953இல் டேல், மகளே கடவுளிடம் பேசுவது போல 'ஏஞ்சல் அன்அவேர்' என்ற சிறு புத்தகத்தை எழுதினார். அதற்குப் பிறகு அவருடைய நிகழ்ச்சிகளுக்கு, அதுவரை வீட்டுக்குள் வைத்திருந்த பிள்ளைகளைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். எமிலி பேர்ல் கிங்ஸ்லி 1974இல் பிறந்த தன் மகன் ஜேசனைப் பற்றி எழுதியதோடு நிற்கவில்லை; தான் எழுதிவந்த 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவனைத் தோன்றவும் வைத்தார். இருபது வயதில் அந்த ஜேசன் தன் நண்பனோடு சேர்ந்து தானே ஒரு புத்தகம் எழுதினான்.

நமக்குக் கிட்ட, சென்னையில், சுரேகா ராமச்சந்திரன் இருக்கிறார். மகள் பப்ளி பிறந்தபோது வழிகாட்ட ஆளில்லாமல் தானே தேடிக் கற்றவர். 1984இல் தமிழ்நாட்டில் பெற்றோருக்கென்று அவர் தொடங்கிய சங்கம் பின்னர் இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. 2015இல் உலக டவுன் சிண்ட்ரோம் மாநாடு சென்னையிலேயே நடந்தது. ஒரு தாய் வாயைத் திறந்ததில் தொடங்கியது அது.

பழி இருக்கும் இடத்தில் பிள்ளையை மறைப்பார்கள். மறைத்த பிள்ளைக்கு வைத்தியம் நேரத்துக்குக் கிடைக்காது. நான் தேடிக் கண்டது இதைத்தான். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். வெளியில் தெரியாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம். இன்று சுமார் 60. நிறமூர்த்தம் மாறவில்லை. இதயச் சத்திரசிகிச்சை கிடைத்தது, காப்பகத்துக்குப் பதிலாக வீட்டில் வளர்ந்தார்கள்.

ஆகவே மன்னாரில் இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்கிறேன். பிள்ளையை இதய 'எக்கோ' பார்க்கக் கொண்டுபோங்கள். கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியிருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இதயக் குறையில் சில வகைகளை முதல் ஆறு மாதத்துக்குள் திருத்த வேண்டும். தைரொயிட் பரிசோதனையை ஒருமுறையோடு விடாமல் வருடா வருடம் செய்யுங்கள். காது கேட்கிறதா என்று பாருங்கள். சரியாகக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு பிந்தும். கழுத்து நிற்கவும் இருக்கவும் பிசியோதெரபி முதல் மாதங்களிலேயே தொடங்கலாம். மிட்வைஃப் மிஸ் வரும் நாளில் பிள்ளையை அறைக்குள் படுக்க வைக்காமல் முன்னால் கொண்டுவாருங்கள்.

என் மகள் நிறை பார்க்கும் கிளினிக்குக்கும் வருகிறாள், கோயிலுக்கும் வருகிறாள், கடற்கரைக்கும் வருகிறாள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கும் போவாள். வலுவிழந்தவர்களைக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அவளைச் சேர்க்கும் நாளில் அதையும் கொண்டுபோவேன்.