சகோதரத்துவத்தின் வாயில்: மானெக்ஜி கர்செட்ஜியின் வாழ்வும் பணியும்

திருகோணமலை நகருக்கு அணித்தாய் அமைந்த ஊர் பாலையூற்று. பாலை மரமும் நீரூற்றும் இணைந்து அவ்வூர்ப் பெயராயின. ஊற்று, நீர் அள்ள வருபவனின் குலத்தையோ மொழியையோ வினவுவதில்லை. ஊருக்கு அண்மையிலுள்ள துறைமுகமோ பல நாட்டுக் கப்பல்களைக் கண்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் அயலவராய் வாழ்ந்த இம்மாவட்டத்தில், 'அயலான் எப்போது சகோதரனாகிறான்?' என்பது ஏட்டளவில் நின்ற வினா அன்று. அன்றாட வாழ்வின் வினா. அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தேடிய ஒருவர், மற்றொரு துறைமுக நகரான பம்பாயில் வாழ்ந்த மானெக்ஜி கர்செட்ஜி (1808–1887).

ஐரோப்பியக் கப்பல்களோடு கீழைத்தேயத் துறைமுகங்களுக்கு வந்த அமைப்புகளுள் பிரீமேசன் சங்கமும் ஒன்று. இறைநம்பிக்கை உடைய எவரும், எச்சமயத்தவராயினும், உடன்பிறந்தாராய் ஒன்றுகூடலாம் என்பது அதன் கொள்கை. 1723 இல் இலண்டனில் அச்சிடப்பட்ட அதன் சட்டநூல் இக்கொள்கைக்கு வித்திட்டது. 'லொட்ஜ்' எனப்படும் கிளைகளிலே சமய வாதமும் அரசியல் வாதமும் விலக்கப்பட்டிருந்தன. தமிழகத்தில், ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 18 ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றிலேயே திருச்சிராப்பள்ளியில் இச்சங்கத்தில் சேர்க்கப்பட்டார். ஆயினும், அரசிளங்குமரனுக்குத் திறந்த கதவு ஏனையோருக்கு எளிதில் திறக்கவில்லை.

பார்சி வணிகக் குடும்பத்திற் பிறந்த மானெக்ஜி, ஆங்கிலக் கல்வியும் பரந்த நோக்கும் வாய்க்கப்பெற்றவர். பம்பாயில் ஐரோப்பியர் நடத்திய லொட்ஜிலே சேர அவர் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். வெள்ளை உருண்டையும் கறுப்பு உருண்டையும் இட்டு மறைவாக வாக்களிக்கும் முறை அங்கு நிலவியது. மறுத்தவர் யார், மறுத்த காரணம் யாது என்பதை மறுக்கப்பட்டவன் அறியான். சகோதரத்துவம் பேசிய அவையிலேயே அது நிகழ்ந்தமைதான் வேதனைக்குரியது. மானெக்ஜி மனம் தளரவில்லை. கடல் கடந்து சென்று, 1842 இல் பரிஸ் நகர லொட்ஜ் ஒன்றிலே உறுப்பினரானார். தம் ஊரில் மூடப்பட்ட கதவு அயல்நாட்டில் திறந்தது.

பம்பாயிலே அப்போது இச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கியவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான மருத்துவர் ஜேம்ஸ் பேர்ன்ஸ். இந்தியரை ஏற்பதற்கெனவே அவர் 1843 டிசம்பரில் 'மேற்கிந்தியாவின் உதயதாரகை' என்னும் பொருள்பட்ட பெயருடன் லொட்ஜ் ஒன்றைத் தொடக்கினார். அதன் செயலாளர் பொறுப்பை ஏற்ற மானெக்ஜி, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்தார். இந்துக்களுக்கோ கல்கத்தாவில் 1872 வரை கதவு திறக்கவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடிய பின்னரே பிரசன்னகுமார் தத்தர் அவ்வாண்டு அனுமதிக்கப்பெற்றார்.

இங்கு நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். தனி லொட்ஜ் அமைத்தமை பாதி நீதியே. ஐரோப்பியரின் பழைய அவைகள் அதனால் தாமாகத் திறந்துவிடவில்லை. உள்ளே நுழைந்தோரும் பெரும்பாலும் செல்வரும் கற்றோருமே. துறைமுகத்தில் மூடை சுமந்தவனுக்கு அச்சகோதரத்துவம் எட்டாக்கனியாகவே இருந்தது.

மானெக்ஜியின் பெருமை லொட்ஜின் பதவியோடு முடிந்துவிடவில்லை. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாய்ப் பணியாற்றிய அவர், பெண்கல்வியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். பெண்களுக்கு ஆங்கிலக் கல்வி எதற்கு எனத் தம் சமூகத்தாரே முணுமுணுத்த காலத்தில், முதலில் தம் புதல்வியருக்கே அக்கல்வியை அளித்தார். 1863 இல் அவருடைய முயற்சியால் அலெக்சாந்திரா பெண்கள் ஆங்கிலப் பாடசாலை உருவாயிற்று. அவர் உறுப்பினராயிருந்த சங்கமோ பெண்களுக்கு இடமளிக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. சங்கம் திறவாத கதவை அவர் தம் இல்லத்திலும் பாடசாலையிலும் திறந்துவைத்தார்.

மறுக்கப்பட்டவன் இருவழிகளுள் ஒன்றையே பெரும்பாலும் தேர்கிறான். தான் உள்ளே புகுந்ததும் கதவைத் தாழிடுவது ஒன்று. பின்வருவோர்க்கென அதனைத் திறந்தே வைப்பது மற்றொன்று. முன்னையது உலகியல்பு, பின்னையது சான்றாண்மை. மானெக்ஜி பின்னையதைத் தேர்ந்தார்.

திருகோணமலை மாவட்டம், 1983 ஐயும் அதன் பின்னரான போர்க்காலத்தையும் கண்டது. அயலவர் ஒருவருக்கொருவர் கதவடைத்த நாள்கள் அவை. மேடைகளிலே சகோதரத்துவம் பேசுதல் எளிது. முன்பின் அறியாதவன் வாயிலில் வந்து நிற்கும்போது யார் கையிலே கறுப்பு உருண்டை இருக்கிறது என்பதே உண்மையான சோதனை. உயர்கல்வி பெற்றோர்க்கு இச்சோதனை இன்னும் கடுமையானது. ஏனெனில் பல கதவுகளின் திறவுகோல்கள் அவர்கள் வசமே சேர்கின்றன. பாலையூற்றின் பெயரில் அமைந்த ஊற்று, அவற்றை எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருக்கிறது.